வால்ட்ஸின் தாதுக்கல் எதைச் சொல்லும்?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸ் நகருக்குக் கிழக்கே எழும் சூப்பர்ஸ்டிஷன் மலைத்தொடரில், ‘டச்சுக்காரரின் காணாமற்போன தங்கச் சுரங்க’த்தை நூற்றுமுப்பது ஆண்டுகளாகத் தேடி வருகிறார்கள். தேடப் போனவர்களில் சிலர் திரும்பவில்லை. 1931 கோடையில் மலைக்குள் சென்ற அடால்ஃப் ரூத்தின் மண்டையோடு அவ்வாண்டு டிசம்பரில்தான் கிடைத்தது. இதைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இரு கட்சி. நம்புவோர் வழிக்குறிப்புகளை அடுக்குகிறார்கள். மறுப்போர் எரிமலைப் பாறையில் தங்கம் ஏது என்று ஒரே வரியில் கதவை மூடுகிறார்கள். சுரங்கம் என்று ஒன்று இருந்ததா, இருந்தால் எங்கே என்ற இரண்டு கேள்விகளையும் ஒன்றாகக் கட்டிவிடுவதில் இரு கட்சிக்கும் வேறுபாடில்லை. டச்சுக்காரர் விட்டுச்சென்ற தாதுக்கல் முதற்கேள்விக்கு ஓரளவு விடை சொல்லும். வழிக்குறிப்புகள் இரண்டாம் கேள்விக்கு விடை சொல்வதாகத் தோன்றும், ஆனால் சொல்லா. ஒன்றின் உறுதியை எடுத்து மற்றதற்குப் பூச முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஐயமின்றி நிற்பவை சிலவே. கதையின் ‘டச்சுக்காரர்’ ஆன ஜேக்கப் வால்ட்ஸ் ஜெர்மானியர். ஜெர்மானியரையும் டச்சுக்காரர் என்பது அக்கால அமெரிக்கப் பேச்சு வழக்கு. 1861இல் லாஸ் ஏஞ்சலஸில் குடியுரிமை பெற்றார். 1860களில் பிராட்ஷா மலைப்பகுதியில் சுரங்க உரிமைகளைப் பதிவு செய்தார். ஆக, அவர் தொழில் தெரிந்தவர், உரிமைப் பதிவு என்பதை அறிந்தவர். பின்னர் சால்ட் ஆற்றங்கரையில் நிலம் பிடித்துக் குடியமர்ந்தார். 1891 பிப்ரவரி வெள்ளம் அந்தக் குடியிருப்பைச் சிதைத்தது. அக்டோபர் 25 அன்று ஃபீனிக்ஸில் ஜூலியா தாமஸ் என்ற பெண்ணின் வீட்டில் இறந்தார். சூப்பர்ஸ்டிஷன் மலையில் அவர் பெயரில் சுரங்க உரிமைப் பதிவு எதுவும் கிடைத்ததில்லை. முன்பு பதிவு செய்த பழக்கமுள்ளவர் இங்கே ஏன் செய்யவில்லை என்ற கேள்வியை நம்புவோர் எளிதாகத் தாண்டிவிடுகிறார்கள். மறைக்க விரும்பினார் என்பது ஒரு விடை. பதிவு செய்யும் அளவுக்கு அங்கே ஒன்றும் மிஞ்சவில்லை என்பதும் அதே தகுதியுள்ள விடைதான்.

வழிக்குறிப்புகளுக்கு வருவோம். ஊசிபோல் நிற்கும் பாறை, அதன் பிற்பகல் நிழல், சுரங்கத்திலிருந்து தெரியும் படைவழி, மாலை வெயில் விழும் வாயில் என்று இன்று டஜன் கணக்கில் புழங்குகின்றன. எண்ணிக்கை பெருகப் பெருக நம்பிக்கையும் பெருகுகிறது. ஓலைச்சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்த மரபு நமக்கு இங்கே உதவும்: பத்துச் சுவடிகள் ஒரே தாய்ச்சுவடியிலிருந்து படியெடுக்கப்பட்டவை என்றால் அவை பத்துச் சாட்சிகள் அல்ல, ஒன்றே. வால்ட்ஸ் குறிப்புகளைப் பின்னோக்கித் தொடர்ந்தால் இரண்டு தாய்மூலங்களுக்கே போய்ச் சேர்கிறோம். ஒன்று ஜூலியா தாமஸ் தரப்பு: 1892 கோடையில் பெட்ராஷ் சகோதரர்களுடன் மலைக்குப் போய் வெறுங்கையுடன் திரும்பினார். மற்றது மரணப் படுக்கையருகே இருந்ததாகச் சொன்ன டிக் ஹோம்ஸ் தரப்பு. இரண்டும் ஒரே கிழவரின் கடைசி நாட்களைப் பற்றியவை. இரண்டு தரப்புக்கும் தம் கூற்றே உண்மை என நிலைநாட்டும் தேவை இருந்தது. 1895 ஜனவரியில் பியர்பான்ட் பிக்னெல் சான் பிரான்சிஸ்கோ கிரானிக்கிள் இதழில் எழுதிய கட்டுரைக்குப் பிறகு அச்சும் ஒரு மூலமாகிவிட்டது: படித்தவர் சொன்னதை, கேட்டவர் நினைவு என்று சொல்லலாயினர். பெரால்டா என்ற மெக்சிகோ குடும்பம் முதலில் அச்சுரங்கத்தைத் தோண்டியது என்ற கூற்றையும் இதே கண்ணோடுதான் பார்க்க வேண்டும். ஜேம்ஸ் ரீவிஸ் என்பவர் போலிப் பத்திரங்களைக் கொண்டு ‘பெரால்டா நில மானியம்’ என்று அரிசோனாவில் ஒரு பெரும் நிலப்பரப்புக்கே உரிமை கோரினார். 1883இல் எழுந்த அக்கோரிக்கை 1895இல் நீதிமன்றத்தில் தள்ளுபடியாகும்வரை அப்பெயர் நாட்டின் வாயில் இருந்தது. சுரங்கக் கதைக்குள் அது அங்கிருந்து நுழைந்தது என்று என்னால் நிறுவ முடியாது. நுழைய வழி அகலத் திறந்திருந்தது என்பது போதும், அதைத் தனிச் சாட்சியாக எண்ணாமல் விட.

சரி, ஒரு குறிப்பாவது வால்ட்ஸின் வாயிலிருந்து பிழையின்றி வந்தது என்றே கொள்வோம். அப்போதும் அதன் துல்லியம் எவ்வளவு? மிகப் புகழ்பெற்ற குறிப்பையே எடுத்துக்கொள்ளலாம்: பிற்பகல் நான்கு மணிக்கு வீவர்ஸ் நீடில் என்ற ஊசிப்பாறையின் நிழல்முனை விழும் இடம். அவ்விடம் ஏறத்தாழ 33.4 பாகை வட அகலாங்கு. ஜூன் மாதக் கடைசியில் சூரிய நேரப்படி நான்கு மணிக்குக் கதிரவன் அடிவானத்துக்கு மேல் சுமார் 37 பாகையில், மேற்கிலிருந்து சற்றே வடக்காக நிற்கும். நிழல் ஏறக்குறைய நேர்கிழக்கே விழும், நீளம் பாறையின் உயரத்தைப் போல் 1.3 மடங்கு. டிசம்பர் மாதக் கடைசியில் அதே நேரத்தில் கதிரவன் ஒன்பதரைப் பாகை உயரத்துக்கு இறங்கிவிடும். நிழல் வடகிழக்கே திரும்பி ஏறத்தாழ ஆறு மடங்கு நீளும். திசையில் மட்டும் 42 பாகை வேறுபாடு. பாறை தன் அடியிலிருந்து ஆயிரம் அடி எழுகிறது என்றும் நிலம் சமதளம் என்றும் வைத்துக் கணக்கிட்டால், ஆண்டு முழுவதும் நான்கு மணி நிழல்முனை தொடும் இடங்கள் ஏறத்தாழ ஒரு மைல் நீளக் கோடாகின்றன. நிலமோ சமதளமல்ல, பள்ளத்தாக்குகளும் முகடுகளும் அக்கோட்டை முறித்து எறியும். நான்கு மணி என்பது எந்தக் கடிகாரத்தின் நான்கு மணி என்பதும் தெரியாது. மாதம் குறிக்கப்படாத நிழல் இடத்தைக் காட்டாது. ஒரு பெரும்பரப்பைக் காட்டிவிட்டு, எங்கு நின்றாலும் இதுதான் என்று எண்ண இடங்கொடுக்கும். குறிப்பு பிழை என்பதல்ல என் குறை, அதைப் பிழையாக்கவே முடியாது என்பதுதான்.

தாதுவின் நிலை வேறு. வால்ட்ஸின் படுக்கைக்கு அடியில் மெழுகுவர்த்திப் பெட்டியொன்றில் தாதுக்கல் இருந்தது என்பதிலும், அது டிக் ஹோம்ஸின் கைக்குப் போனது என்பதிலும் பகைத்தரப்புகளும் ஒத்துப்போகின்றன. எப்படிப் போனது என்பதில்தான் சண்டை. தனக்குச் சாதகமில்லாததை ஒப்புக்கொள்ளும் சாட்சிக்கு எடை கூடும். வழக்கிலுள்ள கணக்கு 48 பவுண்டு தாது, 4,800 டாலர் விலை என்கிறது. இந்த எண்களை நான் உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் அவை தமக்குள் பொருந்துகின்றனவா என்று பார்க்கலாம். அன்று தங்கம் டிராய் அவுன்சுக்கு 20.67 டாலர். 4,800 டாலர் என்றால் சுமார் 232 அவுன்ஸ். 48 பவுண்டு என்பது 700 டிராய் அவுன்ஸ். எனவே கல்லின் எடையில் மூன்றில் ஒரு பங்கு தங்கம். தங்கம் குவார்ட்ஸைப் போல் ஏழு மடங்கு கனமானது என்பதால், கனஅளவில் அது நூற்றுக்கு ஏழே. வெண்கல்லில் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் தங்கக் கொடிகள். தேர்ந்து பொறுக்கிய மாதிரிகளில் காணக்கூடியதே. ஆகவே எண்கள் அபத்தமல்ல. ஆனால் இதே கணக்கு நம்புவோரின் வேறொரு முடிவைக் கவிழ்க்கிறது. டன்னுக்கு இத்தனை ஆயிரம் அவுன்ஸ் தரும் உலகின் செல்வச் சுரங்கம் என்று பெட்டியைக் கொண்டு அளக்கிறார்கள். பெட்டியில் இருந்தது சுரங்கத்தின் சராசரியல்ல; ஒரு முதியவர் கையால் உடைத்துப் பொறுக்கி, சுமக்கத் தகுந்ததை மட்டும் எடுத்து வைத்தது. பொறுக்கிய கல் பொறுக்கியவரின் கண்ணைச் சொல்லும், நாளத்தின் அளவைச் சொல்லாது.

இன்றைய ஆய்வகம் இதற்கு மேலும் போகும். தங்கத்தில் கலந்த வெள்ளியின் விகிதம், பாதரசம், டெலூரியம் முதலிய நுண்தனிமங்கள், குவார்ட்ஸின் அடுக்கமைப்பு, அதனுள் சிறைப்பட்ட திரவக் குமிழிகள் சொல்லும் வெப்பநிலை ஆகியவற்றைக் கொண்டு தாது நிலமட்டத்துக்கு அருகே எரிமலை வெந்நீரில் படிந்ததா, ஆழத்தில் பழைய பாறைப் பிளவில் படிந்ததா என்று பிரிக்க முடியும். மேற்கு ஆஸ்திரேலியாவில் திருட்டுத் தங்கத்தின் மூலச் சுரங்கத்தைக் கண்டறிய இத்தகைய ‘கைரேகை’ முறையை வளர்த்தார்கள். அங்கே அது பலித்ததற்குக் காரணம், சுரங்கம் சுரங்கமாக எடுத்துச் சேர்த்த ஒப்பீட்டு மாதிரிகள் இருந்தமை. காணாமற்போன சுரங்கத்தின் மாதிரி அந்தச் சேகரத்தில் இருக்க வழியே இல்லை. எனவே ‘அறிந்த எந்தச் சுரங்கத்தோடும் பொருந்தவில்லை’ என்ற முடிவு வால்ட்ஸ் சுரங்கத்துக்குச் சாதகமான சான்று என்று எடுத்துக்கொள்வது அவசரம். மாதிரி எடுக்கப்படாத சிறு தாதுப்பை எதுவும் அதே முடிவையே தரும். ஒரே நாளத்தின் இரு முனைகளில்கூட வெள்ளி விகிதம் மாறும். தாது வலுவாகப் பேசுவது விலக்கும்போதுதான். விக்கன்பர்க் அருகிலுள்ள வல்ச்சர் சுரங்கத்திலிருந்து திருடி வந்ததை வால்ட்ஸ் தன் சுரங்கத் தாது என்றார் என்பது பழைய குற்றச்சாட்டு. அத்தகைய கூற்றைத்தான் இச்சோதனை தெளிவாக வீழ்த்தவோ வலுப்படுத்தவோ முடியும்.

மறுப்போர் கட்சியின் எரிமலை வாதம் எனக்கு ஏற்புடையதல்ல. சூப்பர்ஸ்டிஷன் மலை கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வெடித்த எரிமலைகளின் எச்சம் என்பது உண்மை. ஆனால் கொலராடோவின் கிரிப்பிள் கிரீக்கிலும் அரிசோனாவின் ஓட்மனிலும் பெருந்தங்கம் கிடைத்தது எரிமலைப் பாறையில்தான். பாறையின் இனத்தைக் கொண்டு மட்டும் மறுப்பது சோம்பல். வலுவான மறுப்பு வேறிடத்தில் உள்ளது. தோண்டிய சுரங்கம் கழிவுக்கல்லைக் குவிக்கும். தங்க நாளம் வெளித்தெரிந்தால் மழை அதன் துகள்களை ஓடைக்கு இறக்கும். கோலார் தங்க வயலை நினைத்துப் பார்க்கலாம். 1802இல் ஜான் வாரன் அங்கே போனபோது ஊரிகம், மாரிக்குப்பம் மக்கள் மண்ணை அலசித் தங்கம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். 1880களில் முதலீட்டாளர்கள் மனம் தளர்ந்த வேளையில் வழிகாட்டியவை முன்னோர் தோண்டிய பழங்குழிகளே. அவற்றைத் தொடர்ந்து ஆழப் போனபோதுதான் சாம்பியன் நாளம் தென்பட்டது. அங்கே கதையை மண் தாங்கிப் பிடித்தது. சூப்பர்ஸ்டிஷனின் எரிமலைப் பகுதியில் அப்படி நம்பத்தகுந்த மண்சான்று எதையும் இத்தனை பேர் தேடியும் காட்டவில்லை. 1887 மே மாத சொனோரா நிலநடுக்கம் வாயிலை மூடிவிட்டது என்பது இதற்குச் சொல்லப்படும் பதில். நிலநடுக்கம் வாயிலை மூடலாம். மேற்பரப்பில் உதிர்ந்த குவார்ட்ஸையும் ஓடை மணலையும் மூடுமா? சிறு தாதுப்பை என்றால் இந்த இடர் குறையும், உண்மைதான். ஆனால் அப்போது தேடுவதற்கு எஞ்சியிருப்பது வெறும் குழி.

எனக்கு எடை கூடுதலாகத் தெரிவது கோல்டுஃபீல்டு. மலையின் மேற்கு அடிவாரத்தில், வால்ட்ஸ் இறந்த சில ஆண்டுகளுக்குள், 1890களின் தொடக்கத்தில் மம்மத் சுரங்கம் எழுந்த இடம் அது. அங்கே தங்கம் இருந்தது பெரும்பாலும் பழைய கிரானைட்டில். வால்ட்ஸ் கண்ட தாது அந்த வட்டாரத்தின் வெளித்தெரிந்த துணுக்கு என்ற கருதுகோளுக்குப் பெருமை குறைவு. ஊசிப்பாறைக்கும் நிழலுக்கும் அங்கே வேலையில்லை. ஆனால் வல்ச்சர் திருட்டுக் கூற்றை விட்டால், ஒப்பிட்டுப் பார்க்க மாதிரி கிடைக்கும் ஒரே கருதுகோளும் அதுதான், அதாவது தோற்கக்கூடியது. மம்மத் தாதுவோடு வால்ட்ஸ் தாதுவின் தனிம விகிதமும் குவார்ட்ஸ் அமைப்பும் தெளிவாக வேறுபட்டு, எரிமலை வெந்நீர்ப் படிவின் அடையாளங்கள் தெரிந்தால், நான் இக்கருத்தைக் கைவிட்டு எரிமலை வாயின் விளிம்புப் பிளவுகளை மீண்டும் எண்ணிப் பார்ப்பேன். 1984 தொடக்கம் முதல் சூப்பர்ஸ்டிஷன் மலையின் பாதுகாக்கப்பட்ட காட்டுப் பகுதியில் புதிய சுரங்க உரிமைகளுக்கு இடமில்லை; எனவே தோண்டிப் பார்ப்பதல்ல, கையிலுள்ளதை ஆராய்வதே மிச்சம். வால்ட்ஸ் பெட்டித் தாதுவில் செய்ததாகச் சொல்லப்படும் நகைகளும் தீப்பெட்டிக் கூடும் உண்டு. அவை ஒவ்வொன்றும் 1891 முதல் யார் கையிலிருந்து யார் கைக்குப் போயின என்பதை முதலில் எழுத்துச் சான்றோடு வரிசைப்படுத்த வேண்டும். அந்த வரிசை அறுந்த மாதிரியை எத்தனை நுண்கருவியில் வைத்தாலும், எங்கோ ஒரு சுரங்கத்தின் கல் என்பதற்கு மேல் அது சொல்லப் போவதில்லை.