அந்தரத்தில் அமர்ந்தவர்

தெருவில் வித்தை காட்டுகிறவனுக்கு நம் முன்னோர் பல பெயர்கள் வைத்திருந்தார்கள். மோடி வித்தைக்காரன் என்றார்கள். கண்கட்டு வித்தைக்காரன் என்றார்கள். செப்படி வித்தைக்காரன் என்றும் சொன்னார்கள். இவற்றுள் கடைசிப் பெயர் இன்று வசைச் சொல்லாகத் தேய்ந்துவிட்டது. யாராவது கணக்கைப் புரட்டிக் காட்டினால், "இதென்ன செப்படி வித்தை?" என்று கேட்கிறோம். ஆனால் அது நிஜமாகவே ஒரு வித்தையின் பெயர். செப்பு என்றால் சின்னஞ்சிறு கிண்ணம். மூன்று செப்புகளைக் கவிழ்த்து வைத்து, அவற்றின் கீழே உருண்டைகளை வரவும் மறையவும் செய்கிற ஆட்டம் அது. உலகமெங்கும் ஜாலவித்தை கற்கப் புகுகிறவர்களுக்கு அரிச்சுவடி போன்ற ஆட்டம்.

பார்க்கிறவர்கள் கணக்கில் மூன்று உருண்டைகள். ஆடுகிறவன் கணக்கில் நான்கு. நான்காவது, அவன் விரலிடுக்கில் இருக்கிறது. அதை ஒளித்து வைப்பது பெரிய காரியமில்லை. ஒளித்து வைத்திருக்கும் கையைத் தானே திரும்பிப் பார்க்காமல் இருப்பதுதான் பெரிய காரியம்! புதிதாகக் கற்பவன் படுகிற பாடெல்லாம் இதற்காகத்தான். அவன் கண் எங்கே போகிறதோ அங்கேதான் சபையின் கண்ணும் போகும்.

நிற்க. இன்று அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் இளைஞர்கள் விரும்பிக் கற்கிற வித்தை வேறொன்று இருக்கிறது. அதற்குச் செப்பு வேண்டாம், கம்ப்யூட்டர் போதும். கல்யாண ஆல்பம், பாஸ்போர்ட் படம், காதுகுத்து பேனர், கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி எல்லாம் அதில்தான் தயாராகின்றன. ஆயுள் முழுவதும் கோட்டுப் போட்டறியாத தாத்தா, காலமான மறுநாள் கோட்டும் டையுமாகச் சுவரில் சிரிக்கிறார். வட்டச் செயலாளருக்குப் பக்கத்தில் தலைவர் தோள் உரச நிற்கிறார். இருவரும் நேரில் சந்தித்ததே கிடையாது. ஒரு படத்தின்மேல் இன்னொரு படத்தைக் கண்ணாடித் தாள்போல அடுக்குவதற்கு 'லேயர்' என்றும், வேண்டாத இடத்தை மூடி மறைப்பதற்கு 'மாஸ்க்' என்றும் பெயர். கற்றுக்குட்டியின் வேலையைச் சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம். தலையில் வெளிச்சம் இடப்பக்கமும், உடம்பில் வலப்பக்கமும் விழுந்திருக்கும்!

செப்படி வித்தைக்கும் இந்தப் பட வித்தைக்கும் என்ன சம்பந்தம்? நெருங்கிய சம்பந்தம், ஒரே குடும்பம் என்றே சொல்லிவிடலாம். அந்தக் குடும்பத்தின் வம்சாவளியில் சென்னைக்கும் ஓர் இடமுண்டு.

1830-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் சென்னையில் ஒரு முதிய பிராமணர் வித்தை காட்டி வந்தார். அவர் பெயர் ஆங்கில எழுத்தில் சிதைந்து 'ஷேஷால்' என்று நிற்கிறது. சேஷாசலமோ, சேஷய்யாவோ, ஏதோ ஒன்று. ஒரு சிறு முக்காலி. அதில் நட்ட ஒரு மூங்கில். மூங்கிலின் மேல் முனையில் குறுக்கே நீட்டிய, மான்தோல் சுற்றிய கட்டை. இவ்வளவுதான் அவருடைய சாமான்கள். உதவியாட்கள் போர்வையைப் பிடித்து அவரை மறைப்பார்கள். சற்று நேரம் கழித்துப் போர்வை விலகும். மனிதர் தரையிலிருந்து சில அடி உயரத்தில், அந்தரத்தில், சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பார்! ஒரு கை மட்டும் அந்த மான்தோலின்மேல் லேசாகப் பட்டுக்கொண்டிருக்கும்; மற்றக் கை ஜபமாலையை உருட்டும். பார்த்த வெள்ளைக்காரர்கள் பிரமித்துப் போனார்கள். 1832-ல் லண்டனில் 'சாட்டர்டே மாகஸீன்' என்ற பத்திரிகையில் செய்தி வெளிவந்து, 'காற்றிலே அமர்ந்த பிராமணர்' ஐரோப்பாவெங்கும் பிரசித்தமானார்.

யோக சித்தியா? இல்லை. மூங்கிலுக்குள் இரும்பு ஒளிந்திருந்தது. அது மான்தோலுக்குள் புகுந்து, அங்கியின் கைக்குள் நுழைந்து, உடம்பைத் தாங்கும் ஆசனமாக முடிந்தது. லேசாகப் படுவதாகத் தோன்றிய கைதான் முழுப் பாரத்தையும் சுமந்த இடம். நான்காவது உருண்டை இருந்த இடம் அது.

1847-ல் இதே தத்துவம் பாரிஸ் நகரத்து மேடையில் தோன்றியது. காட்டியவர் ரோபேர் ஹூடன். பிற்காலத்து ஹூடினி தம் பெயரையே இவர் பெயரிலிருந்துதான் ஆக்கிக்கொண்டார். முந்திய ஆண்டுதான் அமெரிக்காவில் ஈதரைக் கொண்டு நோயாளிகளை மயக்கி ரண சிகிச்சை செய்து காட்டியிருந்தார்கள். ஊரெல்லாம் அதே பேச்சு. ஹூடன் தம் சிறு மகனுக்கு ஒரு புட்டியை முகரக் கொடுத்தார். திரைக்குப் பின்னால் சூடான இரும்பில் ஈதரைக் கொட்ட, கொட்டகை முழுதும் நெடி பரவியது. பிள்ளை முழங்கையை மட்டும் ஒரு கோலில் ஊன்றியபடி அந்தரத்தில் கிடந்தான். புட்டி காலி! ஆயினும் 'இப்படியும் ஒரு தகப்பனா?' என்ற தோரணையில் கண்டனக் கடிதங்கள் வந்தனவாம்.

ஹூடன் பெயரில் இருந்த அந்தக் கொட்டகையை 1888-ல் ஜார்ஜ் மெலியெஸ் என்ற இளம் ஜாலவித்தைக்காரர் வாங்கினார். 1895 டிசம்பரில் லூமியேர் சகோதரர்கள் சலனப் படம் காட்டியபோது அவரும் பார்த்தார். பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. ஒருநாள் தெருவைப் படம் பிடிக்கையில் காமிரா சிக்கி, ஒரு நிமிஷம் நின்று, மறுபடி ஓடியது. கழுவிப் பார்த்தால், போய்க்கொண்டிருந்த வண்டி சவ வண்டியாக மாறியிருந்ததாம். இது அவரே சொன்ன கதை. 1896-ல் நாற்காலியில் இருந்த பெண்ணை இந்த முறையில் மறைத்துக் காட்டினார். 1898-ல் தம் தலையையே கழற்றிக் கழற்றி மேஜைமேல் வரிசையாக வைத்தார்! கறுப்புத் திரைக்கு முன்னால் நின்று, ஒரே பிலிமில் திரும்பத் திரும்பப் படம் பிடித்ததன் விளைவு அது. லேயரும் மாஸ்க்கும் பெயரில்லாமல் அன்றே பிறந்துவிட்டன.

இதற்குள் நம் ஊரிலும் படத்தைத் திருத்தும் வேலை தொடங்கியிருந்தது. பூந்தமல்லி நெடுஞ்சாலை என்று நெடுநாள் வழங்கி, இன்று பெரியார் பெயரைத் தாங்கும் சாலையில் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. டாக்டர் அலெக்ஸாண்டர் ஹண்டர் 1850-ல் தொடங்கிய கலைப் பள்ளியின் வாரிசு அது. அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே அங்கே புகைப்படக் கலையும் கற்பிக்கப்பட்டது. 1856-ல் சென்னை அரசாங்கம் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரியைத் தன் புகைப்படக்காரராக நியமித்தது. 1858-ல் அவர் மதுரை, தஞ்சை, திருச்சி, ஸ்ரீரங்கமெல்லாம் சுற்றினார். அக்காலத்து நெகடிவில் வானம் மட்டும் சரியாக விழாது; நீல ஒளி மிதமிஞ்சிப் பதிந்து வெறும் வெள்ளையாகப் போய்விடும். டிரைப் என்ன செய்தார்? தூரிகையை எடுத்து நெகடிவின்மேல் மேகங்களைத் தீட்டிவிட்டார். கோயிலும் கோபுரமும் அசல். மேலே மிதக்கும் மேகம் கைவேலை!

அதே ஆண்டு தஞ்சைப் பெரிய கோயிலின் அடிப்பீடத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளையும் அவர் துண்டு துண்டாகப் பிடித்தார். இருபத்தொரு படங்களை வரிசை பிசகாமல் ஒட்டி, 19 அடி நீளச் சுருளாக்கினார். எந்தக் கண்ணும் ஒரே பார்வையில் காண முடியாததை அந்தச் சுருள் காட்டியது. அதில் இருந்தது அவ்வளவும் கல்லில் இருந்ததுதான். மனிதர் ஒருவர், வருஷம் ஒன்று, கைத்திறனும் ஒன்று. ஒரு படத்தில் இல்லாததைச் சேர்த்தார். இன்னொன்றில் இருப்பதை முழுமையாக்கினார். ஆகவே, வெட்டுவதிலும் ஒட்டுவதிலும் பாவமோ புண்ணியமோ கிடையாது. எதற்காக என்பதில்தான் இருக்கிறது.

பின்னர் சினிமா வந்தது. 1957-ல் வடபழனி விஜயா-வாகினியார் எடுத்த 'மாயா பஜா'ரில் மார்கஸ் பார்ட்லியின் காமிரா இல்லாத நிலவைப் பொழிந்தது. ரங்காராவின் வாய்க்குள் லட்டுகள் தாமே எழுந்து போய் விழுந்தன. ஏமாந்தோம், ஏமாறுவதற்காகவே காசு கொடுத்துப் போயிருந்தோம். வடபழனியிலிருந்து மேற்கே பூந்தமல்லிப் பக்கமும் சினிமா நகர்ந்திருக்கிறது. அங்கே நவீன திரைப்பட நகரம் அமைப்பதாக 2024-ல் அரசு அறிவித்தது.

கடைசிக் கிளை அமெரிக்காவில். தாமஸ் நோல், ஜான் நோல் என்று இரு சகோதரர்கள். தகப்பனாரின் இருட்டறையில் படம் கழுவப் பழகியவர்கள். 1987-ல் மூத்தவர் எழுதத் தொடங்கிய நிரல் 1990 பிப்ரவரியில் 'போட்டோஷாப்' என்று விற்பனைக்கு வந்தது. இளையவர் வேலை பார்த்த சினிமாத் தந்திரக் கம்பெனியின் பெயரிலேயே 'மாஜிக்' என்ற சொல் இருந்தது! அந்த நிரல் திறக்கையில் ஓடிய பெயர் வரிசையில் 'சீதாராமன் நாராயணன்' என்று ஒன்றைப் பார்த்து, உலகத்துப் பயனர்கள் வாய்க்குள் நுழையாமல் திண்டாடினார்கள். நமக்கு அது அடுத்த வீட்டுப் பெயர்.

வித்தையின் பெருமை இது. இனி அபாயத்தைச் சொல்ல வேண்டும். 1890 ஆகஸ்டில் 'சிக்காகோ டிரிப்யூன்' பத்திரிகை ஓர் அதிசயத்தை வெளியிட்டது. இந்தியாவில் பக்கிரி ஒருவன் கயிற்றை மேலே எறிகிறான். அது விறைத்து நிற்கிறது. சிறுவன் ஏறி மறைகிறான். ஓவியர் கண்டதை வரைந்தார். நண்பர் காமிராவில் பிடித்தார். காமிராவிலோ கயிறும் இல்லை, பையனும் இல்லை. ஆகவே எல்லாம் மனோவசியமே என்று கட்டுரை முடிந்தது. காமிரா பொய் சொல்லாதல்லவா? உண்மையில் காமிராவும் இல்லை, பக்கிரியும் இல்லை. எழுதியவர் ஜான் வில்கி என்ற நிருபர். நாலு மாதம் கழித்து, அது கற்பனை என்று பத்திரிகையே ஒப்புக்கொண்டது. அந்த ஒப்புதலை யார் படித்தார்கள்? கயிற்று வித்தையைத் தேடி வெள்ளைக்காரர்கள் இந்தியாவுக்குப் புறப்பட்டார்கள், பரிசும் அறிவித்தார்கள். பொய் உலகம் சுற்றியது. மறுப்பு சிக்காகோவிலேயே தங்கிவிட்டது.

சேஷய்யரும் ஏமாற்றினார், வில்கியும் ஏமாற்றினார். ஆனால் முன்னவர் போர்வையைப் பிடித்து, 'இதோ வித்தை' என்று அறிவித்துவிட்டு ஏமாற்றினார். பின்னவர் அதைச் செய்தி என்றார். இன்று கைப்பேசியில் வந்து விழும் படங்களில் எது போர்வைக்குப் பின்னாலிருந்து வந்தது, எது செய்தி என்று யாரும் சொல்லித் தருவதில்லை. ஒரு போலிப் படம் ஒரு பெண்ணின் மானத்தை வாங்கலாம். ஒரு தெருவில் கலகம் மூட்டலாம். மறுப்பு வருவதற்குள் காரியம் முடிந்துவிடும்.

அதனால்தான் இந்த இரு வித்தைகளையும் கற்கிற பிள்ளைகளைப் பார்த்து, 'வெட்டி வேலை' என்று பெரியவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது என்கிறேன். விரலிடுக்கில் உருண்டையை ஒரு மாதம் ஒளித்துப் பழகியவனுக்கு அடுத்தவன் விரலிடுக்கு தெரியும். நிழலைப் பொருத்தத் திண்டாடியவன் பொருந்தாத நிழலை உடனே பிடித்துவிடுவான். கற்காத நமக்கும் ஒரு சுலபமான பாடம் உண்டு. யாராவது அந்தரத்தில் உட்கார்ந்திருப்பதாகப் படம் வந்தால், முகத்தைப் பார்க்காதீர்கள். கை எதன்மேல் பட்டுக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள்.