தொலைபேசிக் கம்பியில் இணையம் வந்த வரலாறு

குற்றாலத்து ஐந்தருவியை நீங்கள் கண்டிருப்பீர்கள். மேலே ஒரே ஓடையாக வரும் நீர், பாறையின் முகப்பில் ஐந்து கிளைகளாகப் பிரிந்து விழுகிறது. கீழே மீண்டும் ஒரே நீராகி ஓடுகிறது. தொலைபேசிக் கம்பியின் வழியே இணையம் நம் ஊர்களுக்கு வந்த வரலாற்றைச் சொல்லப் புகும்போதெல்லாம் எனக்கு அந்த அருவியே நினைவுக்கு வருகிறது. காரணத்தைப் பின்னர்ச் சொல்கிறேன்.

நம் நாட்டில் பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் தொடங்கிற்று. விதேஷ் சஞ்சார் நிகம் என்னும் அரசு நிறுவனம் சென்னை முதலிய பெருநகரங்களில் அதனை நடத்தியது. அதற்கு முன்னரே, 1986இல் தோன்றிய ‘எர்னெட்’ வலையமைப்பு, உயர்கல்வி நிலையங்கள் சிலவற்றை இணைத்திருந்தது. ஆயினும் அது ஆராய்ச்சியாளருக்கே உரியதாயிருந்தது. 1998 நவம்பரில் தனியார் நிறுவனங்களுக்கும் வழி திறந்தது. அதன் பின்னரே எங்கள் தென்காசி போன்ற ஊர்களின் கடைத்தெருவில் ‘பிரவுசிங் சென்டர்’ என்ற பலகைகள் தொங்கலாயின.

பேச்சுக்கென அமைந்த கம்பிக்குக் கணிப்பொறியின் எண்கள் தெரியா. ஆகவே இரண்டுக்கும் நடுவே மோடம் என்னும் கருவி நின்று, எண்களை ஒலியாக்கி அனுப்பும். மறுமுனை மோடம் அவ்வொலியை மீண்டும் எண்களாக்கும். இணைப்பின் தொடக்கத்தில் எழுந்த கிரீச்சொலி, எந்த வேகத்தில் உரையாடுவது என்று இரு மோடங்களும் செய்துகொண்ட உடன்படிக்கையே. 1998இல் வந்த ‘வி.90’ நெறி வினாடிக்கு 56,000 பிட்டு வரை இடங்கொடுத்தது. சாரல் காலத்தில் கம்பி நனைந்து இரைச்சல் மிகும்போது, அதில் பாதி கிடைத்தாலே எங்களுக்குப் பெரும்பேறு.

வேகம் ஒத்தால் மட்டும் போதாது. இரு பக்கமும் ஒரே நெறிமுறையைக் கையாள வேண்டும். முதலில் வழங்கியது ‘ஸ்லிப்’. 1988இல் எழுத்து வடிவம் பெற்ற அந்நெறி மிக எளியது. ஒரு பொட்டலம் எங்கே முடிகிறது என்று குறியிட்டுக் காட்டும், அவ்வளவே. வழியில் பிழை நேர்ந்ததா என்று பாராது. கணிப்பொறிக்குரிய முகவரியையும் நாமே கையால் எழுதித் தர வேண்டும். 1989இல் தோன்றி 1994இல் நிலைபெற்ற ‘பி.பி.பி.’ அவ்வாறன்று. முதலில் இருபுறமும் நிபந்தனைகளைப் பேசி முடிக்கும். பிறகு கடவுச்சொல்லைச் சரிபார்க்கும். அதன்பின் முகவரியைத் தானே வழங்கும். ஒவ்வொரு பொட்டலத்தையும் பிழை பார்க்கும்.

இவ்வேறுபாடு வெறும் ஏட்டுச் செய்தியன்று. 2000ஐ ஒட்டிய ஒரு மே மாதம். மேல்நிலைத் தேர்வின் முடிவு இணையத்தில் வெளியாகியிருந்தது. என் மாணவி ஒருத்தி தன் தாயுடன் ஒரு கடையில் காத்திருந்தாள். தாய் பீடி சுற்றிப் பிழைப்பவர். மகளை மேலே படிக்கவைப்பதா, தம் பக்கத்தில் பீடித் தட்டுடன் அமர்த்துவதா என்பதை அந்த மதிப்பெண்ணைப் பார்த்தே முடிவு செய்ய இருந்தார். மோடம் மூன்று முறை கூவியது. மூன்று முறையும் இணைந்தது. பக்கம் மட்டும் வரவில்லை. “சார், மூணு தடவைக்கும் காசு கேக்காக, மார்க்கு மட்டும் வரல்ல” என்றார் தாய். கணிதம் கற்பித்தவன் ஆதலால் எனக்குச் சற்றுத் துணிவு வந்தது. அமைப்புப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். பி.பி.பி. இருக்கவேண்டிய இடத்தில் யாரோ ஸ்லிப்பைத் தேர்ந்து வைத்திருந்தார்கள்! மாற்றியதும் நான்காம் அழைப்பில் பக்கம் மெல்ல இறங்கிற்று. 1,200க்கு 1,000ஐக் கடந்திருந்தாள். தாய் முதலில் கேட்டது, “நாலாவதுக்கும் காசு உண்டா?” என்பதே. அன்று நான்கு அழைப்புக்கும் நானே கொடுத்தேன். அப்பெண் இன்று ஓர் ஆசிரியை.

இனி அருவிக்கு வருவோம். ‘ஐ.எஸ்.டி.என்.’ என்னும் இலக்கமுறைத் தொலைபேசி நெறியை அனைத்துலகத் தொலைத்தொடர்புக் குழு 1984இல் வகுத்தது. மனிதக் குரலை வினாடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டுகளால் எழுதினால் 64,000 பிட்டு ஆகிறதன்றோ? அதுவே ஒரு தடத்தின் கொள்ளளவு. ஒரே செப்புக்கம்பி இணையில் இத்தகைய தடங்கள் இரண்டும், அழைப்பைக் கட்டுப்படுத்தும் 16,000 பிட்டுத் தடம் ஒன்றும் அமைந்தன. ஒன்றில் பேசிக்கொண்டே மற்றொன்றில் இணையத்தைக் காணலாம். இரண்டையும் சேர்த்தால் 1,28,000 பிட்டு. 

சேர்ப்பது எப்படி? 1994இல் வெளியாகி 1996இல் திருத்தம் பெற்ற ‘மல்டிலிங்க் பி.பி.பி.’ என்னும் நெறி அதற்கு வழி கண்டது. பொட்டலத்தைத் துண்டுகளாக்கி இரு தடங்களிலும் பகிர்ந்து விடும், மறுமுனையில் ஒன்றுசேர்க்கும். ஐந்தருவியின் நீருக்கு எத்துளி முந்தியது என்ற கவலை இல்லை. எழுத்துக்கோ முறை பிறழ்ந்தால் பொருளே கெடும். ஆகையால் ஒவ்வொரு துண்டின் தலையிலும் வரிசை எண் பொறித்து அனுப்பினார்கள். இரண்டு தடம் என்றால் இரண்டு அழைப்பு, கட்டணமும் இரட்டிப்பு. நெல்லையில் ஓர் அலுவலகத்தில் இதனை வியந்து பார்த்தேன். எங்கள் தெருவில் அதனைக் கண்டதில்லை.

2005 சனவரியில் பாரத் சஞ்சார் நிகம் அகல அலைவரிசைச் சேவையைத் தொடங்கியபோது, அதே பழைய செப்புக்கம்பி பன்மடங்கு வேகத்தைச் சுமந்தது. தடங்களைச் சேர்க்கும் வேலை வீடுகளுக்குத் தேவையற்றுப் போயிற்று. இன்று தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் இருந்துகொண்டே உலகுக்கு மென்பொருள் எழுதுகிறார்கள். ஆயினும் பி.பி.பி. மறையவில்லை. 1999இல் ஈதர்நெட்டின் மேல் ஏறிச் செல்ல அதற்கு ஒரு வழி வகுத்தார்கள். கண்ணாடி இழை வந்த பல வீடுகளில், கூவும் மோடம் இல்லாமல், அதே நெறி இன்றும் கடவுச்சொல்லைச் சரிபார்த்து முகவரி வழங்கிக்கொண்டிருக்கிறது.