ஃபன்ஸ்கூல் ஜி.ஐ. ஜோ பொம்மைகள்

ஜி.ஐ. ஜோ என்பது அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் 1964-ல் தொடங்கிய போர்வீரர் பொம்மை வரிசை. அதன் மூன்றே முக்கால் அங்குல வகையை, ஹாஸ்ப்ரோவின் அச்சுகளைக் கொண்டே இந்தியாவில் வார்த்து விற்றது சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஃபன்ஸ்கூல். 1990களிலும் 2000களின் முதல் சில ஆண்டுகளிலும் நம் கடைகளில் தொங்கிய அந்தப் பொம்மைகளை இன்று வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களும் தேடி வாங்குகிறார்கள். இவற்றை 'இந்தியக் காப்பி' என்று ஒதுக்குவது தவறு. ஒரே எஃகு அச்சில் முதலில் அமெரிக்கச் சந்தைக்கும் பிறகு நமக்கும் வார்க்கப்பட்டவை இவை. உடன்பிறப்புகள் என்பதே சரி.

முதல் ஜோ பன்னிரண்டு அங்குல உயரம், துணிச் சீருடை, அசையும் மூட்டுகள். 'டால்' என்று சொன்னால் பையன்கள் வாங்க மாட்டார்கள் என்று 'ஆக்‌ஷன் ஃபிகர்' என்ற பெயரை ஹாஸ்ப்ரோ புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. பிரிட்டனில் பாலிடாய் நிறுவனம் 1966-ல் இதையே 'ஆக்‌ஷன் மேன்' என்று விற்றது. மனித உருவம் எவருக்கும் சொந்தமாகாது என்பதால், நகலெடுப்பவரைப் பிடிக்க இரண்டு அடையாளங்கள் உதவின: வலக் கன்னத்தில் ஒரு தழும்பு, வலது கட்டைவிரலின் உட்பக்கத்தில், நகம் இருக்கக் கூடாத இடத்தில் ஒரு நகம். அசலா நகலா என்ற கேள்வி இந்தப் பொம்மையுடனே பிறந்தது.

1976-ல் பெரிய ஜோ நின்றது. கென்னர் நிறுவனத்தின் சிறிய 'ஸ்டார் வார்ஸ்' உருவங்கள் சந்தையைப் பிடித்த பிறகு, 1982-ல் ஜோவும் அதே அளவுக்குச் சுருங்கித் திரும்பினான். இப்போது படை முழுக்கத் தனித்தனி ஆட்கள். ஒவ்வொருவருக்கும் அட்டையின் பின்புறம் ஒரு குறிப்பு: படைப்பெயர், இயற்பெயர், பிறந்த ஊர், கைதேர்ந்த வேலை. இந்த 'ஃபைல் கார்டு'களைப் பெரும்பாலும் எழுதியவர் மார்வெல் சித்திரக்கதையையும் எழுதிய லாரி ஹாமா.

வீரனின் உருவத்தோடு அவன் விவரத்தையும் எழுதிவைப்பது திருவண்ணாமலை மாவட்டத்துக் கீழ்பென்னாத்தூர்க்காரருக்குப் புதிதாக இருக்காது. அதே மாவட்டத்தின் செங்கம், தண்டராம்பட்டு வட்டாரங்களில் நிற்கும் நடுகற்களும் வீரனின் உருவத்தைச் செதுக்கி, அரசனின் ஆட்சியாண்டு, அவன் யாருடைய சேவகன், எதில் பட்டான் என்று எழுதிவைக்கின்றன. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து எடத்தனூர்க் கல் கருந்தேவகத்தி என்ற வீரனோடு அவன் நாய் கோவிவனையும் பெயர் சொல்லி நிறுத்துகிறது. 1984-ல் வந்த 'மட்' என்ற ஜோவுக்கும் 'ஜங்க்யார்டு' என்று பெயரிட்ட நாய் உண்டு. ஒன்று செத்தவனுக்கு வைத்த கல், மற்றது விளையாட்டுச் சாமான். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆனாலும் வீரனின் உருவம் பெயரையும் ஊரையும் கேட்கிறது என்பதை இரண்டுமே அறிந்திருக்கின்றன. கார்டு இல்லாத பொம்மையைச் சேகரிப்பாளர்கள் குறைத்து மதிப்பதும் அதனால்தான்.

ஃபன்ஸ்கூல் 1987-ல் டயர் நிறுவனமான எம்.ஆர்.எஃப். முன்னின்று, ஹாஸ்ப்ரோவின் பங்குடன் தொடங்கப்பட்டது. டயர்க் கம்பெனிக்குப் பொம்மை எதற்கு என்று தோன்றலாம். எம்.ஆர்.எஃப். நிறுவனர் மாமன் மாப்பிள்ளை 1946-ல் திருவொற்றியூரில் தொடங்கியதே விளையாட்டு பலூன் தயாரிக்கும் சிறு பட்டறைதான். டயர் பிறகு வந்தது. கீழ்பென்னாத்தூரிலிருந்து சேத்துப்பட்டு, ஆரணி வழியே வடக்கே போனால் வரும் ராணிப்பேட்டையிலும் இன்று ஃபன்ஸ்கூலுக்கு ஆலை உண்டு. ஜோக்கள் பிறந்தது கோவா ஆலையில்.

அன்று பொம்மை இறக்குமதிக்குக் கடுமையான கட்டுப்பாடு இருந்தது. அதனால் சரக்கு வரவில்லை, அச்சு வந்தது. அமெரிக்காவில் விற்று முடிந்த உருவங்களின் அச்சுகள் பிரேசிலின் எஸ்த்ரெலா, அர்ஜென்டினாவின் பிளாஸ்டிராமா, நம் ஃபன்ஸ்கூல் என்று நாடு நாடாகப் போயின. போன இடத்தில் கிடைத்த பிளாஸ்டிக்கும் சாயமும் வேறு. அமெரிக்காவில் இல்லாத நிறச்சேர்க்கைகளும், ஒருவன் உடலில் இன்னொருவன் தலையும் இப்படித்தான் வந்தன. அங்கே பிழையாகத் தெரிந்திருக்கக்கூடிய இந்த வேறுபாடுகளே இன்று ஃபன்ஸ்கூல் ஜோவின் தனி மதிப்பு.

உள்ளமைப்பு எளிது. முதுகில் ஒரு சிறு திருகாணி. அதைக் கழற்றினால் மார்பு இரண்டாகப் பிரியும். உள்ளே ஒரு கறுப்பு ரப்பர் வளையம், இடுப்பின் உலோகக் கொக்கியை இழுத்துப் பிடித்துக் கால்களையும் உடலையும் சேர்த்து வைத்திருக்கும். வளையம் இற்றுப்போனால் பொம்மை இரண்டாக விழும். அடிக்கடி உடைவது கட்டைவிரல், தொலைவது துப்பாக்கி. இந்தக் குறைகளே மறுவார்ப்புச் சந்தையை வளர்த்தன: புது வளையம், புது ஆயுதம், அச்சடித்த ஸ்டிக்கர், கடைசியில் முழு உருவமே.

இங்கே மூன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். உரிமையுள்ள நிறுவனமே திரும்ப வெளியிடுவது மறுவெளியீடு. ஹாஸ்ப்ரோ 2021-ல் முன்பதிவு திரட்டித் தயாரித்த ஸ்கைஸ்ட்ரைக்கர் விமானத்துடன் பழைய ரப்பர் வளைய அமைப்பிலேயே விமானிகளைத் தந்தது. பிறர் பழையதைப் பார்த்துச் செய்து, புதியது என்று சொல்லியே விற்பது மறுவார்ப்பு. அதையே பழையது என்று விற்றால் போலி. பொருள் ஒன்றாக இருக்கலாம். வேறுபடுத்துவது விற்பவரின் வாய்ச்சொல். அர்ஜென்டினாவின் 'சோகெர்க்', 'மான்லே' போன்ற அரிய உருவங்களை அசலில் வாங்கப் பெரும்பாலானோருக்குக் கட்டுப்படியாகாது. அவற்றின் மறுவார்ப்பை அலமாரியில் வைப்பதில் குறையேதுமில்லை. அப்படிச் சொல்லி வைத்தால் போதும்.

கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்கும். ஆகவே ஒரு பொம்மையையே மாதிரியாக வைத்து எடுத்த அச்சில் வார்த்தது அசலைவிட மயிரிழை சிறிதாகவும், முகமும் பெல்ட்டும் மழுங்கியும் இருக்கும். அசலை அருகில் நிறுத்திப் பார்த்தால் தெரியும்.

2001 ஏப்ரலில் இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகள் நீங்கி வெளிநாட்டுப் பொம்மைகள் குவிந்தன. உள்ளூர் வார்ப்புக்கான காரணமே கரைந்தது. இப்போது காற்று திரும்பி வீசுகிறது. பொம்மைகளின் சுங்கவரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60-க்கும், 2023-ல் 70-க்கும் ஏறியது. வெளிநாட்டிலிருந்து தருவிப்பதைவிட, உறவினர் வீட்டுக் கொலுப்பெட்டியையும் பழைய கடைகளின் பின்கட்டையும் விசாரிப்பது நல்லது.

கிடைத்ததைக் காப்பது தனி வேலை. கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துக் கோடையில் ஓட்டுக்கு அடியிலுள்ள பரண் பொம்மைக்கு ஆகாது: ரப்பர் வெடிக்கும், வெயில் பட்டால் வெள்ளைப் பிளாஸ்டிக் மஞ்சளாகும். மெத்தென்ற பிளாஸ்டிக் சாமான்கள் உடலோடு ஒட்டிக் கிடந்தால் வடு விழும். தனித்தனிக் காகிதத்தில் சுற்ற வேண்டும். வளையத்தையோ துப்பாக்கியையோ மாற்றினால், எது புதியது, எந்த ஆண்டு மாற்றியது என்று சீட்டில் எழுதி அதே பெட்டிக்குள் போட்டுவைக்க வேண்டும்.