பங்கு முதலீட்டுத் தகராறு: வழக்கறிஞர் கட்டணம் இல்லாமல் தீர்வு காண வழி

இபிஎஃப் சேமிப்பில் ஒரு பகுதியை யூனிட் டிரஸ்ட்டில் போட்டவர்கள் தோட்டத்திலும் உண்டு, பட்டணத்திலும் உண்டு. முகவர் தவறான விளக்கம் தந்து விற்றார், கேட்காமலே பங்குகளை விற்றுவிட்டார் என்ற நிலை வரும்போது, வழக்கறிஞருக்கு எவ்வளவு ஆகுமோ என்ற பயத்திலேயே பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள்.

அந்தப் பயம் வீணானதல்ல. நீதிமன்றத்தில் தோற்றவர், எதிர்த்தரப்பின் செலவுத் தொகையையும் பொதுவாகக் கட்ட வேண்டியிருக்கும். அமெரிக்காவில் முதலீட்டுத் தகராறுகள் பெரும்பாலும் நடுவர் மன்றத்துக்குப் போகின்றன. அங்கே வென்றால் மட்டும் கிடைத்த தொகையில் பங்கு, பலநேரம் மூன்றில் ஒரு பங்கு, என்று வழக்கறிஞர்கள் பேசிக்கொள்ளலாம். மலேசியாவில் 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம் அத்தகைய ஏற்பாட்டை அனுமதிப்பதில்லை.

ஆனால் இங்கே வேறு வழி உண்டு. முதலீட்டுத் தகராறுகளைக் கவனித்து வந்த சிட்ரெக், வங்கி, காப்புறுதிப் புகார்களைக் கவனித்து வந்த அமைப்புடன் இணைந்து, 1.1.2025 முதல் எஃப்எம்ஓஎஸ் எனும் நிதிச் சந்தை ஓம்பட்ஸ்மேன் சேவையாக இயங்குகிறது. 250,000 ரிங்கிட் வரையிலான இழப்புக்குப் புகார் செய்யலாம். பயனீட்டாளருக்குக் கட்டணம் இல்லை; வழக்கறிஞரும் தேவையில்லை. தீர்ப்பைப் புகார்தாரர் ஏற்றால் அது நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். ஏற்காவிட்டால் நீதிமன்றம் செல்லும் உரிமை போகாது.

சிங்கப்பூரில் ஃபிட்ரெக் இதே பணியைச் செய்கிறது. 2024 ஜூலை முதல் அதன் வரம்பு 150,000 வெள்ளி. விசாரணையில் வழக்கறிஞர் வாதாட இடமில்லை.

செய்ய வேண்டியவை:

• முதலில் நிறுவனத்துக்கே எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுக்கவும்.

• நிறுவனத்தின் இறுதிப் பதில் திருப்தி தராவிட்டால், 6 மாதத்துக்குள் எஃப்எம்ஓஎஸ் அல்லது ஃபிட்ரெக்கிடம் செல்லவும். காலம் தவறினால் இந்த வழி அடைபடலாம்.

• கையெழுத்திட்ட பாரங்கள், கணக்கு அறிக்கைகள், முகவர் அனுப்பிய வாட்ஸ்அப் தகவல்கள் எதையும் அழிக்க வேண்டாம்.

சந்தை இறங்கியதால் மட்டும் ஏற்பட்ட நட்டத்துக்கு இங்கே ஈடு கிடைக்காது. உரிமம் இல்லாத திட்டங்களும் இதில் வரா. அப்படிப் பணம் போனால் மலேசியாவில் உடனே 997 எண்ணை அழைத்து, போலீசிலும் புகார் செய்ய வேண்டும். பணம் போடும் முன் பங்கு ஆணையத்தின் உரிமப் பட்டியலைப் பார்ப்பதற்குக் காசு செலவில்லை.