எந்த நாளுக்குத் திருப்புவது?

போர்க்கால விமானம் ஒன்று அருங்காட்சியகத்தை வந்தடைந்ததும் எழும் முதற்கேள்வி, அதைப் புதுப்பிப்பதா, வந்த நிலையிலேயே பேணுவதா என்பது. இதனைப் பொறியியல் சிக்கலாகவே பலரும் கருதுகின்றனர். எந்தக் காலத்தை வரலாறாக ஏற்பது என்னும் கேள்வியும் இதனுள் அடங்கியிருப்பதைக் கான்பூர் லிபரேட்டர் விமானங்கள் உணர்த்துகின்றன.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், அமெரிக்காவிடம் கடன்-குத்தகை ஏற்பாட்டில் பெற்ற லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களைப் பிரித்தானியர் கான்பூரில் சிதைத்துக் கைவிட்டுச் சென்றனர். அவற்றுள் ஏறத்தாழ 40 விமானங்களை இந்துஸ்தான் விமான நிறுவனத்தின் பொறியாளர்கள் செப்பனிட்டுப் பறக்கச் செய்தனர். 1948 முதல் 1968 வரை அவை இந்திய வான்படையில் பணியாற்றின. இன்று உலகில் எஞ்சியுள்ள சில லிபரேட்டர்களுள் பல இவ்வாறு இந்தியாவில் பிழைத்தவையே.

ஆனால் அவற்றின் தோற்றம் இதனைச் சொல்வதில்லை. 1974 இல் இந்தியா வழங்கிய ஒன்று, பிரித்தானிய அரச வான்படை அருங்காட்சியகத்தில் 1945 ஆம் ஆண்டின் பிரித்தானிய அடையாளங்களுடன் நிற்கிறது. அமெரிக்காவில் 1989 இல் மீண்டும் பறந்த மற்றொன்றுக்கு, 'ஆல் அமெரிக்கன்' என்ற வேறொரு விமானத்தின் பெயரும் கோலமும் சூட்டப்பட்டன. குறுகிய போர்க்காலம் வண்ணம் பெற்றது. இருபதாண்டு இந்திய வாழ்வு வண்ணத்தின் அடியில் மறைந்தது.

மறுமுனையில் ஹாலிஃபாக்ஸ் விமானம் ஒன்று உள்ளது. 1942 ஏப்ரலில் டிர்பிட்ஸ் போர்க்கப்பலைத் தாக்கச் சென்ற அது, நார்வேயில் உறைந்திருந்த ஏரியின் மீது இறங்கி, பின்னர் மூழ்கியது. 1973 இல் வெளியே எடுக்கப்பட்ட அவ்விமானத்தை மேற்சொன்ன பிரித்தானிய அருங்காட்சியகம் பெரும்பாலும் சிதைந்த நிலையிலேயே பேணுகிறது.

சுவடிப் பதிப்பில் பயிற்சியுடையோர் இச்சிக்கலை எளிதில் உணர்வர். ஒரு பாடத்தை ஏற்கும் பதிப்பாசிரியர் ஏனைய பாடவேறுபாடுகளை அடிக்குறிப்பில் தருகிறார். சுவடியும் அழியாமல் இருக்கிறது. விமானத்திலோ, பழைய பூச்சைச் சுரண்டி எடுத்தபின் ஒப்புநோக்க மூலம் இல்லை.

இதனால் புதுப்பித்தலே தவறு என்றாகாது. கான்பூரில் செப்பனிடும் கைகள் இல்லாதிருந்தால் இன்று பேணுவதற்கே ஒன்றும் இருந்திராது. அக்கைகள் அடித்த தறையாணியும் ஒட்டிய தகடும் பிற்காலச் சேர்க்கை எனத் தள்ளத்தக்கவை அல்ல; அவையும் மூலபாடமே. அவற்றைப் பதிவுசெய்யாமல் அடுத்த வண்ணப்பூச்சைத் தொடங்கலாகாது.