ஓய்ந்த கொம்பும் மீண்ட மூச்சும்

உத்தரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவர், தமிழக வரலாற்றில் மிக விரிவாகப் பேசும் கற்களுள் ஒன்று. முதற் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அஃதாவது கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில், பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகள் குடவோலை முறையை நுணுகி நுணுகி விளக்குகின்றன. முப்பது குடும்புகள், ஓலையில் பெயர் எழுதுதல், குடத்தில் இடுதல், உள்ளிருப்பது அறியாச் சிறுவனைக் கொண்டு ஓலை எடுப்பித்தல், எடுத்த ஓலையை ஐந்து விரலும் விரிய உள்ளங்கையில் வாங்குதல் என ஒவ்வோர் அசைவும் கல்லில் உள்ளது. முந்திய மூன்றாண்டுகளில் வாரியப் பொறுப்பு வகித்தவர் பெயரை இடலாகாது என்னும் விதியும் உண்டு. விலகி நின்று பின் மீளுதலுக்கு அவ்வூர் ஒரு கால அளவே வகுத்திருந்தது எனலாம்.

இத்துணை நுட்பமான சுவரும் காட்டாத ஒன்று, அக்காலத்துக் கோயில்களில் காலையும் மாலையும் எழுந்த ஓசை. ஸ்ரீபலிக்குக் கொட்டுவோரும் ஊதுவோரும் சோழர்காலக் கோயில்களில் இருந்தனர். உவச்சர் என்னும் பெயரும், காளம், சங்கு, சேகண்டி என்னும் கருவிப் பெயர்களும் பல ஊர்க் கல்வெட்டுகளில் பயின்று வருகின்றன. தஞ்சைப் பெருவுடையார்க்கு முதலாம் இராசராசன் பொன்னாலேயே காளம் செய்தளித்தான். பொன்னை நிறுத்து எழுதலாம். அதனுள் புகுந்த மூச்சை எழுத வழியில்லை. உலோக ஊதுகருவிகளின் வரலாற்றை எழுதப் புகுவோர் அனைவரையும் வழிமறிக்கும் இடம் இதுவே.

இசைக்கருவிகளைத் தோல், துளை, நரம்பு, கஞ்சம் என நால்வகைப்படுத்துவது தமிழ் மரபு. கொம்பு, எக்காளம், தாரை, திருச்சின்னம் ஆகியன பித்தளையாலோ செம்பாலோ ஆயினும் கஞ்சக் கருவிகள் அல்ல, ஊதப்படுவதால் துளைக்கருவிகளாகும். ஆனால் குழல், நாகசுரம் ஆகியவற்றோடு இவற்றை ஓரினமாக வைப்பதிலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. நாகசுரத்திற்குக் கொறுக்கைத் தட்டையாற் செய்த சீவாளி உண்டு. ஒன்று பழுதாயின் மற்றொன்றைப் பொருத்திக்கொள்ளலாம். கொம்புக்குச் சீவாளி இல்லை. ஊதுபவனின் உதடே சீவாளி. இரு உதடுகளும் இறுகி அதிர, அவ்வதிர்வை உலோகக் குழாய் பெருக்கித் தருகிறது. விரல் வைக்கத் துளையும் இல்லை. ஆகவே இக்கருவியில் விரல் நினைவில் வைக்கத்தக்கது எதுவுமில்லை. கற்றதெல்லாம் உதட்டிலும் மூச்சிலுமே தங்கும். கருவி உடைந்தால் கன்னார் மீண்டும் வார்த்துத் தருவர். உதடு மறந்தால் வார்த்துத் தருவார் யார்?

சங்கப் புலவர் இவ்வோசையை உவமைகளால் காக்க முயன்றனர். மலைபடுகடாம் தூம்பின் ஒலியை யானையின் மூச்சோடு ஒப்பிடுகிறது. கூத்தரும் பாணரும் முதுகில் கருவிப்பையைச் சுமந்து நடந்த காலத்து உவமை அது. யானை மூச்சு விடும் அண்மையில் வாழ்ந்தவர்க்கு வேறு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. வயிர் என்னும் கருவியைத் திருமுருகாற்றுப்படை சங்கொடு சேர்த்து ஒலிக்கச் செய்கிறது. உரைகாரர் அதற்குக் கொம்பு எனப் பொருள் உரைத்தனர். குறிஞ்சிப்பாட்டோ வயிரின் ஏங்கும் இசையை அன்றிற் பறவையின் குரலுக்கு உவமையாக்குகிறது. அன்றிலை அரிவாள்மூக்கன் எனக் கொள்வர் அறிஞர் சிலர். அரிவாள்மூக்கன்களை உத்தரமேரூர்ப் பகுதியினர் தொலைதூரம் சென்று தேட வேண்டியதில்லை. வேடந்தாங்கல் ஏரியில் அவை கூடு கட்டுகின்றன. எனினும் வயிரைக் கொண்டு அன்றிலையும், அன்றிலைக் கொண்டு வயிரையும் அறிய வேண்டிய நிலையில் இன்றைய வாசகர் நிற்கிறார். உவமை இரு பொருளில் ஒன்றேனும் உயிரோடிருக்கும்வரைதான் பயன்படும்.

கவிஞர்கள் கருதத்தக்க மற்றொரு சான்று காஞ்சியிலேயே உள்ளது. தூப்புலிற் பிறந்த வேதாந்த தேசிகர் (1268 – 1369) பேரருளாளப் பெருமாளைப் பற்றித் திருச்சின்னமாலை என்னும் தமிழ் நூலை இயற்றினார். திருச்சின்னம் என்பது நேரிய, மெலிந்த குழாய். ஒருவரே இரண்டை ஒருசேர வாயில் வைத்து ஊதுவதும் உண்டு. அதில் எழும் சுரங்கள் மிகச் சில. இராகம் இல்லை, கமகம் இல்லை. அச்சிறு ஓசையில் தேசிகர் கேட்டது இசையை அன்று; இறைவன் வருகிறான் என்னும் செய்தியை. சேக்கிழாரும் இவ்வாறே கேட்டார். திருநெல்வாயில் அரத்துறையில் ஞானசம்பந்தர்க்கு முத்துச் சிவிகையோடும் குடையோடும் சின்னமும் அருளப்பெற்றதைப் பெரியபுராணம் கூறும். அச்சின்னம் பிள்ளையார் வருகையை ஊர்தோறும் அறிவித்தது. சைவம், வைணவம் இரண்டிலும் உலோகக் குழாய்க்கு அமைந்த கடமை ஒன்றே: வருகையை முன்னறிவித்தல். அது பாடவில்லை, பேசியது.

இவ்வேறுபாட்டை உணர்ந்தால்தான் அது ஏன் ஓய்ந்தது என்பது விளங்கும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தமிழிசை சபா மேடைக்கு ஏறியபோது, சுரத்தை வளைத்து அசைக்கும் ஆற்றலே கருவியின் தகுதி எனக் கொள்ளப்பட்டது. கொம்பில் இயல்பாக எழும் சுரங்களோ ஏணிப்படிபோல் விலகி நிற்பவை. மேடைக்கு ஏற முடியாத கருவி கோயில் வாசலில் நின்றது. கேப்டன் டே என்பார் 1891இல் வெளியிட்ட தென்னிந்திய இசைக்கருவிகள் பற்றிய நூலிலும், பேராசிரியர் பி. சாம்பமூர்த்தி 1931இல் சென்னை அரசு அருங்காட்சியகக் கருவிகளுக்குத் தொகுத்த அட்டவணை நூலிலும் அது ஆய்வுப் பொருளாயிற்று. அருங்காட்சியகத்திற்குள் கருவி செல்லலாம். அதன் சீவாளி செல்ல முடியாது என்பது மேலே கூறப்பட்டது.

வாழ்வாதாரமும் கைவிட்டது. ஊழியத்திற்கு விடப்பட்ட மானிய நிலங்கள் 1963ஆம் ஆண்டுச் சிறு இனாம் ஒழிப்புச் சட்டத்தின்கீழ் இரயத்துவாரியாக மாறின. உரிய தொகையைச் செலுத்தி ஊழியத்தினின்று விலகிக்கொள்ளவும் வழி பிறந்தது. விலகியவரைக் குறைகூறுதல் தகாது. பரம்பரை ஊழியம் என்பது பரம்பரைக் கட்டாயமாகவும் இருந்தது. வாசலில் நின்று ஊதியவர் உள்ளே மதிக்கப்பட்டார் என்று கூற எவர்க்கும் துணிவு வாராது.

மறுபுறம் ஆங்கிலேயரின் படைவாத்தியம் பித்தளைக்கு வேறொரு வாழ்வு தந்தது. முத்துசாமி தீட்சிதர் இளமையில் கேட்ட அவ்விசையே நோட்டுச்சுரச் சாகித்தியங்களாயிற்று. அவை யாவும் சங்கராபரணத்தில் அமைந்திருத்தல், படைக் குழல்களின் இயல்பான சுரப்படிகளை நோக்கின் வியப்பன்று. கோட்டையிலிருந்து இறங்கிய அக்குழல்கள் காலப்போக்கில் பேண்டு செட்டாகிச் சிற்றூர்த் திருமணங்களுக்கும் சாவூர்வலங்களுக்கும் வந்துசேர்ந்தன. தாரை தப்பட்டை என்னும் இணைமொழி நாவில் நிற்க, தாரையின் இடத்தில் டிரம்பெட் நின்றது.

ஓய்ந்த உலோகம் மீண்டும் ஒலிக்குமா? உலகறிந்த சோதனை 1939இல் நிகழ்ந்தது. எகிப்திய மன்னன் துத்தன்காமனின் கல்லறை 1922இல் கண்டறியப்பட்டபோது வெள்ளியில் ஒன்றும் வெண்கலத்தில் ஒன்றுமாக இரு எக்காளங்கள் கிடைத்தன. மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் மூச்சறியாத அவற்றை 16 ஏப்ரல் 1939 அன்று கெய்ரோவிலிருந்து பி.பி.சி. வானொலிக்காக ஆங்கிலப் படை வாத்தியக்காரர் ஜேம்சு டாப்பெர்ன் ஊதினார். உலகம் மெய்சிலிர்த்துக் கேட்டது. ஆனால் அவர் பயன்படுத்தியது இக்காலத்து வாய்முனை. அவருடைய உதடோ படைவாத்தியத்தில் பழகியது. ஒலித்த உலோகம் எகிப்தினுடையது. ஊதல் ஆங்கிலப் படையினுடையது. வாய்முனையை மாற்றிய கணமே அக்குழல் தன் மொழியை இழந்துவிட்டது என்று கூறினும் மிகையாகாது.

இதனினும் நம் நாட்டை நெருங்கிய சான்று அயர்லாந்தினது. அந்நாட்டில் மண்ணிலிருந்து எடுக்கப்பட்ட பழைய உலோகக் கொம்புகள் மிகப் பல. அவற்றை ஊதிய மரபு அறுந்துபோனதால் எப்படிப் பிடிப்பது, எப்படி ஊதுவது என்பதே வினாவாயிற்று. ஆத்திரேலியத் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர் பில்லி ஓ ஃபோக்லு விடை தேடிக் கேரளத்துக் கொம்பினிடம் வந்தார். அதன் வடிவமும் ஊதுமுறையும் ஐரோப்பியப் பழங்கொம்புகளை நெருங்கி ஒத்திருத்தலை அவரது ஆய்வு காட்டியது. அம்முடிவுகள் 2016இல் பரவலாக அறியப்பட்டன. அறுந்த மரபொன்று தன்னை மீட்டுக்கொள்ள அறுபடாத மரபொன்றின் வாயை நாட வேண்டியிருந்தது என்பதே ஈண்டு கருதற்குரியது.

கேரளத்தில் மட்டும் அது அறுபடாதிருந்தமைக்குக் காரணம் பக்தி மிகுதியன்று. திமிலை, மத்தளம், இடக்கை, இலைத்தாளம் ஆகியவற்றோடு கொம்பையும் பஞ்சவாத்தியத்தின் உறுப்பாக்கி, அதற்கெனத் தாளக்கணக்கில் ஓர் இடம் ஒதுக்கினர். இடம் இருந்தால் ஆள் வேண்டும். ஆள் வேண்டுமாயின் பயிற்சி வேண்டும். தமிழகத்திலோ கொம்புக்கு இருந்தது அறிவிப்புப் பணி. ஒலிபெருக்கி வந்தபின் அப்பணியும் போயிற்று.

இனி, விட்டவர் மீளுதல் பற்றி. பல்லாண்டு ஊதாதிருந்து மீண்டும் உலோகக் குழலை எடுப்பவர்க்கு முதலில் மறைந்திருப்பது உச்ச சுரம். உதட்டைச் சுற்றிய தசை சில நிமிடங்களிலேயே சோர்ந்துவிடும். சோர்வை மறைக்க வாய்முனையை அழுத்துவது இயல்பு. அழுத்தினால் குருதியோட்டம் தடைப்பட்டு உதடு மரத்துப்போகும், வீங்கும். ஆதலால் மீள்வோர் கீழ்ச் சுரத்தை மெல்ல, நீள ஊதி, ஊதிய நேரமளவு ஓய்ந்து, மீண்டும் ஊதுதல் வேண்டும். ஒரே மூச்சில் பழைய திறனைத் தேடுவோர் சில நாட்களில் கருவியைக் கீழே வைத்துவிடுவர்; நாளொன்றுக்குச் சிறிது சிறிதாகப் பலமுறை ஊதுவோர்க்கே வாரக்கணக்கில் ஒலி தெளியும். உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் கூறும் ஏரி வாரியத்தார்க்கு இது புதிதாய்த் தோன்றியிராது. தூர்ந்த ஏரி ஒரு மழையில் நிரம்பிவிடும். ஆனால் கொள்ளளவு மீள்வதற்கு மண்ணைக் கூடை கூடையாய் எடுத்தாக வேண்டும்.

ஆனால் எந்தப் பயிற்சியாலும் மீட்கவியலாத ஒன்றுண்டு. உதட்டைத் தாங்குவன முன்பற்கள். அவை விழுந்த முதியவர் முறையைச் சொல்லிக்கொடுக்கலாம், ஊதிக்காட்டுதல் அரிது. ஓசையைச் சொல்லாற் கற்க வேண்டிய அவலம் சங்க இலக்கிய மாணவர்க்கு மட்டும் உரியதன்று.

2020, 2021ஆம் ஆண்டுகளின் பெருந்தொற்று இவ்வோய்வை எல்லோர்க்கும் பொதுவாக்கியது. திருவிழாக்கள் நின்றன, திருமண ஊர்வலங்கள் நின்றன. மூச்சே அச்சத்திற்குரியதாகிவிட்ட அந்நாட்களில் மூச்சால் வாழ்வோர் நிலை தனியே எழுதத்தக்கது. ஆடித் திருவிழாவுக்கு மட்டும் கொம்பெடுக்கும் சிற்றூர்க் கலைஞர்க்கோ ஒவ்வோர் ஆண்டுமே ஒரு மீட்சிதான். அவர்கள் இரண்டு மீட்சிகளை ஒன்றாகச் செய்ய நேர்ந்தது.

இன்று காணும் பெருமீட்சி வேறு வகையினது. சென்ற சில ஆண்டுகளாகச் சிவனடியார் கூட்டங்கள் திருக்கயிலாய வாத்தியம் என்னும் பெயரால் கொம்பு, எக்காளம், தாரை, திருச்சின்னம், கொக்கரை ஆகியவற்றைப் பெருமுரசுகளோடு தமிழகத் திருவிழாக்களில் முழக்குகின்றன. ஊதுவோர் பரம்பரை ஊழியர் அல்லர். மாணவர், அலுவலர், வணிகர். பெண்களும் ஊதுகின்றனர். பிறப்பால் ஒதுக்கப்பட்ட பணி விருப்பால் ஏற்கப்படும் பணியாகியிருப்பது சிறிய மாற்றமன்று. எனினும் முழக்கத்தைக் கேட்போர் ஒன்றைக் கவனிக்கலாம். யாவும் ஒருசேர ஒலிக்கின்றன; எது எதை அறிவிக்கிறது என்பது கேட்கவில்லை. திருச்சின்னம் முன்னே சென்று வருகையைச் சொல்ல, ஓசைகள் ஒன்றன்பின் ஒன்றாய் எழுந்த முறைமையே இக்கருவிகளின் இலக்கணம். உதடு மீண்டுவிட்டது. இலக்கணம் அறிந்த முதியவர்கள் இன்னும் சில கோயில் வாசல்களில் உள்ளனர். புறப்பாட்டு நாட்களில், வாகனம் எழுமுன், அவர்கள் அருகே இவ்விளைஞர்கள் தத்தம் கொம்புகளை இறக்கிவைத்து நிற்பதும் சிலவிடங்களில் தொடங்கியிருக்கிறது.