கனகராயன்குளப் பாதையும் முதற்பதிப்புகளும்

முதற்பதிப்பு என்னும் சொல்லுக்கு நூற்சேகரிப்பாளர் பொதுவாக வழங்கும் பொருளும், ஈழத்துச் சூழலில் அதற்கு நாம் வழங்கவேண்டிய பொருளும் ஒன்றல்ல. மேலைநாடுகளிற் சேகரிப்பு பெரிதும் சந்தையோடு பிணைந்தது. அலன் கின்ஸ்பேர்க்கின் ‘ஹௌல்’ 1956இல் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து சிற்றி லைற்ஸ் வெளியீடாக வந்தது. 1957 மார்ச்சில், இலண்டனில் அச்சாகி வந்த பிரதிகளைச் சுங்கப் பகுதியினர் கைப்பற்றினர். அவ்வாண்டு ஒக்டோபரில் நூல் ஆபாசமானதன்று என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்குப் புகழைத் தந்தது. புகழ் விலையை ஏற்றியது. மலிவு விலையில் விற்கப்பட்ட அம்மெல்லிய நூல் இன்று ஏலத்திற் கூறப்படும் பண்டமாகிவிட்டது. வணிக நாகரிகத்தை மறுத்தெழுந்த கவிதைக்கு நேர்ந்த இக்கதி முரணானதே. ஆயினும் அங்கு நூல் பிழைத்துக்கொண்டது என்பதையும் மறத்தலாகாது.

ஈழத்தில் எதிர்ப்பண்பாட்டு எழுத்து என நாம் கருதுவது, நிலைபெற்ற அதிகாரம் எதுவாயினும் அதற்கு முகங்கொடுத்து நின்ற எழுத்தை. சாதியத்துக்கு எதிராக கே. டானியலின் ‘பஞ்சமர்’ 1972இல் வெளிவந்தது. மரபான இலக்கிய வடிவங்களையே கேள்விக்குட்படுத்திய மு. தளையசிங்கத்தின் ‘மெய்யுள்’, அவர் மறைந்த மறு ஆண்டாகிய 1974இல் நூலாயிற்று. அரச ஒடுக்குமுறைக்கு எதிரான குரல்கள் 1985இல் ‘மரணத்துள் வாழ்வோம்’ தொகுப்பில் ஒன்றுகூடின. பெண்கள் தம்மைக் குறித்துத் தாமே பேசிய ‘சொல்லாத சேதிகள்’ 1986இல் யாழ்ப்பாணத்தில் வெளிவந்தது. விடுதலை இயக்கமொன்றின் உட்கொலைகளை அம்பலப்படுத்திய ‘புதியதோர் உலகம்’ 1985இல் கோவிந்தன் என்ற புனைபெயரைத் தாங்கி வந்தது. இவ்வரிசையில் அதிகாரத்தின் முகம் மாறிக்கொண்டே செல்வதை அவதானிக்கலாம். சாதிமானும் அரசும் மட்டுமன்றி, மக்களின் பெயரால் ஆயுதந் தாங்கியோரும் கேள்விக்குள்ளாகின்றனர். எனவே இந்நூல்களை வீட்டில் வைத்திருப்பது ஒரே காலத்தில் இருதரப்பாருக்கும் சந்தேகத்துக்குரிய செயலாயிற்று. தேடுதல்களுக்கு அஞ்சித் தம் நூல்களைத் தாமே எரித்தோரும் மண்ணிற் புதைத்தோரும் உண்டு.

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 மே 31 இரவு தொடங்கி எரிக்கப்பட்டதையும், 97,000 வரையான நூல்கள் அழிந்ததையும் யாவரும் அறிவர். ஒரே இரவில் நடந்த பேரழிவாதலின் அது வரலாற்றில் இடம்பெற்றது. தனிமனிதரின் பெட்டிகளிலும் அலுமாரிகளிலும் இருந்த நூல்கள் பாதையோரங்களிற் சிறிதுசிறிதாக அழிந்தமை அவ்வாறு இடம்பெறவில்லை. இதனை விளங்கிக்கொள்ளக் கனகராயன்குளத்தை நோக்குதல் தகும்.

வவுனியா வடக்கில், புளியங்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் இடையே, ஏ-9 வீதியில் அமைந்தது இவ்வூர். வயலும் காடும் சூழ்ந்த இக்கிராமம் அச்சகங்களாற் புகழ்பெற்றதன்று. நூல்கள் இங்கு பிறக்கவில்லை, கடந்து சென்றன. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் மக்கள் இடம்பெயர்ந்தபோது அவர்களிற் பெருந்தொகையினர் பின்னர் கிளாலிக் கடனீரேரியைக் கடந்து வன்னிக்கு வந்தனர். 1997 மேயில் ஆரம்பித்த ‘ஜயசிக்குறு’ நடவடிக்கை இவ்வீதியைக் குறிவைத்தே நடந்தது. கனகராயன்குளம் இராணுவத்தின் வசமாகி, 1999 நவம்பரில் மீண்டும் கைமாறி, பத்தாண்டு நிறையுமுன் இன்னொருமுறை இராணுவத்தின் வசமாயிற்று. ஒவ்வொரு கைமாற்றமும் ஓர் இடப்பெயர்வு. சைக்கிளிலோ உழவு இயந்திரப் பெட்டியிலோ அரிசியும் பாயும் பிள்ளையும் ஏற்றப்பட்டபின் நூலுக்கு எவ்வளவு இடம் எஞ்சியிருக்கும்? பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்திற் செய்தித்தாள்களே கோடிட்ட அப்பியாசக் கொப்பித் தாளில் அச்சாகின என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். அத்தகைய தாள் மழைக்கும் கறையானுக்கும் எத்தனை மாரி தாங்கும்?

இழப்பின் தன்மையைச் சிவரமணி வரலாறு தெளிவாக்கும். 1991 மேயில் தம் உயிரை மாய்த்துக்கொள்ளுமுன் அவர் தம் கவிதைகளைத் தீயிலிட்டார். நண்பர்களிடமும் சஞ்சிகைகளிலும் எஞ்சியிருந்தவையே 1993இல் ‘சிவரமணி கவிதைகள்’ என்ற நூலாயின. கைப்பிரதி இல்லாதபோது, சஞ்சிகைப் பக்கமே மூலமாகிவிடுகின்றது. எனவே நம் நாட்டிற் ‘முதற்பதிப்பு’ என்பதை நூலுருவுக்கு மட்டும் வரையறுத்தல் பொருந்தாது. ‘அலை’ போன்ற சிறுசஞ்சிகையின் ஓரிதழும் றோனியோ செய்யப்பட்ட சில தாள்களும் முதற்பதிப்பே.

வவுனியா மாவட்டத்துச் சேமமடுவைச் சேர்ந்த செல்வி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவி, கவிஞர், ‘தோழி’ சஞ்சிகையை நடத்தியவர். 1991 ஆகஸ்ட்டில் விடுதலைப் புலிகளாற் பிடித்துச் செல்லப்பட்டார், மீளவில்லை. 1992இல் பென் அமைப்பு அவருக்கு விருதளித்தது. வெளியுலகம் அவரைக் கௌரவித்த ஆண்டில், அவர் பிறந்த வன்னியில் அவருடைய எழுத்தை வைத்திருப்பதற்குத் துணிவு வேண்டியிருந்தது. சேகரித்தல் இங்கு பொழுதுபோக்கன்று என்று நாம் கூறுவது இதனாலேயே.

பிற்காலப் பதிப்புகள் கிடைக்கையில் முதற்பதிப்பைத் தேடுவானேன் என்று கேட்கப்படலாம். ‘மரணத்துள் வாழ்வோம்’, ‘புதியதோர் உலகம்’ இரண்டுமே பின்னர் தமிழகத்தில் மறுபதிப்புக் கண்டன. அவை வாசகரைக் காப்பாற்றிய பதிப்புகள் என்பதில் ஐயமில்லை. எனினும், எவரது பெயர் மறைக்கப்பட்டது, எந்த அச்சகம் துணிந்து தன் பெயரை இட்டது, எத்தகைய தாள் கிடைத்தது, முன்னுரை எவரை நோக்கிப் பேசியது என்பவற்றை முதற்பதிப்பே கூறும். அச்சுப்பிழையுங்கூடச் சில வேளைகளில் அவசரத்தின் சாட்சியாகும். மறுபதிப்பின் செம்மை இவற்றையெல்லாம் துடைத்துவிடுகின்றது.

இப்பணியைத் தனிமனிதர் சிலர் நெடுங்காலம் தோளிற் சுமந்தனர். பத்திரிகைகளைத் திரட்டி நுண்படச் சுருள்களிற் பதித்த குரும்பசிட்டி இரா. கனகரத்தினம், ஈழத்து நூல்களைத் தமிழகத்துக்கும் தமிழக நூல்களை ஈழத்துக்கும் ஓயாது கடத்திய இ. பத்மநாப ஐயர், ‘நூல்தேட்டம்’ தொகுதிகளில் ஆயிரம் ஆயிரமாக நூல்களைப் பதிவுசெய்த என். செல்வராஜா ஆகியோர் முதன்மையானவர். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஆயிரக்கணக்கான நூல்களையும் சஞ்சிகைகளையும் மின்வடிவிற் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. விலைகூறும் சேகரிப்பாளனுக்கு நேர்மாறான மனப்பாங்கு இது. எம் பார்வையில் இதுவே எதிர்ப்பண்பாட்டு எழுத்தின் இயல்புக்கு ஒத்தது.

ஆனால் மின்படம் பனுவலைக் காக்குமேயன்றிப் பிரதியின் பயணத்தைத் தானாகக் கூறாது. உள்ளட்டையில் அழிக்கப்பட்ட உரிமையாளர் பெயர், வாசிகசாலை முத்திரை, பொலித்தீனிற் சுற்றிப் புதைத்ததனால் ஏறிய ஈரக்கறை, வேண்டுமென்றே கிழிக்கப்பட்ட பதிப்பு விபரப் பக்கம் ஆகியனவும் வரலாற்று மூலங்களே. கனகராயன்குளம், நெடுங்கேணி, மாங்குளம் முதலிய ஊர்களில் வீடுவீடாகப் பட்டியலிடும் முயற்சி மேற்கொள்ளப்படுமாயின், நூலின் பெயருக்கும் ஆண்டுக்கும் அடுத்து, அப்பிரதி எவ்வெவ்வூர்களில் எவ்வெவ்வாண்டுகளில் தங்கியது என்பதற்கும் ஒரு நிரல் ஒதுக்கப்படல் வேண்டும். அதனை நிரப்பக்கூடியவர்கள் முதியோர். அவர்களின் தொகை ஆண்டுதோறும் குறைந்துகொண்டு வருகின்றது.